முடிவு தெரிந்த பந்தயம்

ஒரு கதையைப் படித்து ரஸித்தவர்கள் அதே கதையைச் சினிமாவாகப் பார்க்கப் புறப்படும்போது, அவர்களுடைய மனோநிலை கொஞ்சம் விசித்திரமாகவே இருக்கும். "கதையில் உள்ளபடியே படத்திலும் இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறக் கூடாது" என்று ஒரு மனசு சொல்லும். "உள்ளபடியே இருந்தால் காசு கொடுத்து எதற்காகப் பார்க்க வேண்டும்? புஸ்தகம்தான் வீட்டு அலமாரியில் இருக்கிறதே!" என்று மற்றொரு மனசு ஆட்சேபிக்கும். இந்த இரண்டு மனசுக்கும் நல்லவனாக நடந்துகொள்வது எந்தப் படக்காரருக்கும் எளிதான காரியமல்ல.

அப்படிப்பட்ட தர்மசங்கடத்தில் அகப்பட்டுக்கொண்டு, அதிலிருந்து கௌரவமாக வெளிவந்த ஒருவரைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம். அவர் ஜப்பான் தேசத்துச் சித்திரக்காரர். பெயர் டக்கேஹிக்கோ இனொவே. அவர் எழுதி வரைந்த கதையின் பெயர் "ஸ்லாம் டங்க்". அதன் கடைசிப் பகுதியை அவரே படமாக எடுத்தார். "தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்" என்ற அந்தப் படம் 2022-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி ஜப்பானில் வெளிவந்தது.

ஜப்பானியர் தங்கள் சித்திரக் கதையை "மங்கா" என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் ஊறுகாய் ஞாபகம் வந்தால் அது நம் நாவின் குற்றமே தவிர, மங்காவின் குற்றமல்ல! பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டி, வலப்புறமிருந்து இடப்புறமாக வாசிக்கும்படி அமைந்த இந்தக் கதைகளைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாத்திரமின்றி, பெரியவர்களும் ரயிலில் உட்கார்ந்து வாசிப்பது அந்நாட்டில் சகஜம்.

ஒரு கூடைப்பந்துக் கதை

"ஸ்லாம் டங்க்" 1990 முதல் 1996 வரையில் "ஷோனென் ஜம்ப்" என்ற வாரப் பத்திரிகையில் தொடர்ந்து வெளியாயிற்று. பிறகு 31 தொகுதிகளாகப் புஸ்தக ரூபம் பெற்றது. ஜப்பானில் மட்டும் 10 கோடிப் பிரதிகளுக்குமேல் அச்சாகியிருக்கிறது. அந்த எண்ணிக்கையைக் கடந்ததற்கு நன்றி தெரிவிக்க, 2004-ம் வருஷத்தில் இனொவே ஒரு காரியம் செய்தார். மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் 23 கரும்பலகைகளில், சாக்குக் கட்டியினால் கதையின் பிற்சேர்க்கையை வரைந்து வைத்து, வாசகர்களை அழைத்துக் காட்டினார். வாசகரிடம் அவருக்கிருந்த மரியாதை அத்தகையது.

கதை என்னவோ சாதாரணமானதுதான். சகுராகி ஹனமிச்சி என்ற முரட்டுப் பையன், ஒரு பெண்ணின் நன்மதிப்பைப் பெறுவதற்காக, ஷோஹொக்கு என்னும் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கோஷ்டியில் சேருகிறான். பந்தைப் பிடிக்கவே தெரியாத அவன், நாலு மாதத்தில் ஆட்டத்தை உண்மையாகவே நேசிக்கத் தொடங்குகிறான். அவனுடன் ஆடும் நால்வர் ருகாவா, அகாகி, மிட்சுயி, மியாகி ஆகியோர். கடைசியில் ஹிரோஷிமா நகரில் நடக்கும் தேசியப் பந்தயத்தில், சன்னோ என்ற, யாராலும் அசைக்க முடியாத கோஷ்டியை இவர்கள் எதிர்க்கிறார்கள். கதையின் கடைசி ஏழு தொகுதிகளில் பெரும் பகுதி இந்த ஓர் ஆட்டத்துக்கே செலவாகியிருக்கிறது.

1993 முதல் 1996 வரையில் இந்தக் கதை டெலிவிஷனிலும் 101 பகுதிகள் கொண்ட கேலிச் சித்திரப் படமாக வந்தது. ஆனால் சன்னோவுடன் நடந்த ஆட்டத்தை எட்டுமுன்பே அது நின்றுபோயிற்று. ஆகவே கதையின் சிகரமான அந்த ஆட்டத்தை அசையும் படமாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு தலைமுறையே 26 வருஷம் காத்திருந்தது. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மனத்திலே அந்தப் படத்தை ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டார்கள். அத்தனை படங்களோடும் போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும் என்றால், யாருக்குத்தான் தைரியம் வரும்?

பத்துப் பேரும் ஓட வேண்டும்

முதல் கஷ்டம் காலத்தைப் பற்றியது. சித்திரக் கதையில் காலம் ஆசிரியருடைய கைக்குள் அடங்கியிருக்கிறது. ஒருவன் துள்ளிக் குதித்தானானால், அவன் மறுபடியும் தரையில் கால் வைப்பதற்குள் பத்துப் பக்கம் போய்விடலாம். அதற்குள் அவன் தன் பால்யத்தை நினைத்துக் கொள்வான், எதிராளி திகைப்பான், பார்க்க வந்தவர்கள் ஆட்டத்தின் நுணுக்கத்தை விளக்குவார்கள். வாசிக்கும் நமக்கு இது ஒன்றும் உறுத்துவதில்லை. திரையில் அப்படிச் செய்தால் பந்து ஆகாயத்தில் திரிசங்குவைப்போல் தொங்கிக் கொண்டிருக்கும்!

ஆகையால் இனொவே மனத்துக்குள் நடக்கும் பேச்சுக்களையும், வேடிக்கை பார்ப்போரின் வியாக்கியானங்களையும் பெரும்பாலும் வெட்டி எறிந்தார். ஆட்டம் ஆட்டத்தின் வேகத்திலேயே நடக்கட்டும் என்று தீர்மானித்தார். இளமையில் தாமே கூடைப்பந்து ஆடியவராதலால், அந்த வேகம் எத்தகையது என்று அவருக்குத் தெரியும்.

இங்கேதான் இரண்டாவது கஷ்டம் குறுக்கிட்டது. கூடைப்பந்தில் பத்துப் பேர் ஏக காலத்தில் ஓடுகிறார்கள். பந்து வைத்திருப்பவனைத் தவிர மற்ற ஒன்பது பேரும் சும்மா நிற்பதில்லை. ஒருவன் தோளைச் சாய்க்கிறான், ஒருவன் பின்வாங்குகிறான், ஒருவன் பார்வையாலேயே ஏமாற்றுகிறான். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். கையால் வரைகிறவர்கள், முக்கியமான ஒருவரை அசைத்துவிட்டு மற்றவர்களைச் சிலைபோல் நிறுத்திவிடுவது வழக்கம். எல்லோரையும் எப்போதும் அசைத்துக் கொண்டேயிருப்பது மனிதக் கைக்கு மீறிய உழைப்பு.

ஆகவே கணிப்பொறியின் துணையை நாடினார்கள். முறை இதுதான். முதலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கணிப்பொறிக்குள்ளே ஒரு பொம்மை செய்கிறார்கள். அதற்கு எலும்புக் கூடு உண்டு, மூட்டுக்கள் உண்டு, மேலே தோலும் துணியும் உண்டு. பிறகு உண்மையான கூடைப்பந்து ஆட்டக்காரர்களை அழைத்து, உடம்பின் மூட்டுக்களிலெல்லாம் அடையாளப் புள்ளிகளை ஒட்டி, ஆடச் சொல்கிறார்கள். சுற்றிலும் வைத்த காமிராக்கள் அந்தப் புள்ளிகள் போகும் வழியை அளந்து குறித்துக் கொள்கின்றன. அந்த அசைவுகளை எடுத்துப் பொம்மைக்குக் கொடுத்துவிட்டால், பொம்மை ஆடத் தொடங்குகிறது.

"அவ்வளவுதானா? இனிமேல் யந்திரமே படம் எடுத்துவிடுமே!" என்று நேயர்கள் கேட்கலாம். அதுதான் இல்லை. யந்திரம் கொடுத்தது அசைவு. அதில் உயிர் இல்லை. பொம்மைகளின் முகம் பொம்மை முகமாகவே இருந்தது. இனொவேயின் பேனாக் கோட்டிலே தெரிகிற கோபமும், வெட்கமும், இறுமாப்பும் அதில் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு படமும் டைரக்டு செய்து அறியாத அவர், தமக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையாண்டார். கணிப்பொறி தந்த படங்களின்மேல் தாமே கோடு போட்டுத் திருத்தினார். "புருவம் இப்படி, உதடு அப்படி, தோள் இன்னும் கொஞ்சம் தாழ்வாக" என்று ஒவ்வொன்றாகச் சீர்படுத்தி அனுப்பினார். அவை திருந்தி வந்ததும் மறுபடியும் திருத்தினார். யந்திரத்தை எஜமானனாக்காமல் சிஷ்யனாக வைத்துக்கொண்டதுதான் இந்தப் படத்தின் வெற்றிக்கு முதற் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

படத்தின் ஆரம்பத்திலேயே இதைக் குறிப்பால் உணர்த்திவிடுகிறார். வெள்ளைத் திரையில் பென்ஸில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. கோடுகள் கூடி ஓர் ஆள் ஆகின்றன. ஆள் நடக்கத் தொடங்குகிறான். இப்படியே ஐவரும் எழுந்து நம்மை நோக்கி வருகிறார்கள். "இவர்கள் என் கையிலிருந்து பிறந்தவர்கள்" என்று ஒரு வார்த்தையும் பேசாமலே ஆசிரியர் சொல்லிவிடுகிறார்.

குள்ளப் பையனின் கதை

இனி, எல்லாவற்றையும்விடத் துணிச்சலான மாறுதலைச் சொல்ல வேண்டும். புஸ்தகத்தின் கதாநாயகன் சகுராகி. படத்தின் கதாநாயகன் மியாகி ரியோதா! ஐவரில் மிகவும் குள்ளமானவன். உயரம் 168 ஸெண்டிமீட்டர். புஸ்தகத்தில் மற்ற நால்வருடைய பூர்வோத்தரங்களும் விரிவாக வந்திருக்க, இவனைப் பற்றி மட்டும் அதிகமாக ஒன்றும் சொல்லப்படவில்லை. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிட மறந்துபோன பையனைப்போல் அவன் ஒதுங்கி நின்றான். 26 வருஷத்துக்குப் பிறகு ஆசிரியர் அவனுக்கு இலை போட்டார்.

ரியோதா ஓகினாவாத் தீவில் பிறந்தவன். தகப்பனார் காலமாகிவிட்டார். மூன்று வயது மூத்த அண்ணன் ஸோதாதான் அவனுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்த குரு. ஒரு நாள் இருவரும் ஆடிக் கொண்டிருந்தபோது, சிநேகிதர்கள் வந்து ஸோதாவை மீன் பிடிக்க அழைத்துப் போகிறார்கள். ஆட்டம் பாதியில் நின்ற ஆத்திரத்தில் தம்பி, 'இனித் திரும்பி வரவே வேண்டாம்' என்று கத்திவிடுகிறான். கடலுக்குப் போன அண்ணன் திரும்பவேயில்லை.

குழந்தை ஆத்திரத்தில் சொன்ன ஒரு சொல்! அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. குடும்பம் ஊரை விட்டுக் கானகவாவுக்குக் குடி பெயர்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே மௌனம் சுவர்போல் வளர்கிறது. சன்னோவை வெல்ல வேண்டும் என்பது அண்ணனின் கனவு. அதைச் சுமந்துகொண்டு, அண்ணன் அணிந்த 7-ம் எண்ணையே தானும் அணிந்து, ரியோதா ஆடுகிறான். பந்தயத்துக்கு முன்னால் தாயாருக்கு ஒரு கடிதம் எழுத உட்காருகிறான். உயிரோடு இருப்பது அண்ணனாக இல்லாமல் தானாகப் போய்விட்டதற்கு மன்னிக்கும்படி எழுதத் தொடங்கி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு விதமாக, நன்றி கூறி எழுதுகிறான். பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் இருப்பது கஷ்டம்.

இந்தக் கதை திடீரென்று படத்துக்காக முளைத்ததல்ல. கடலில் மறைந்த அண்ணனை நினைத்திருக்கும் ரியோதா என்ற பையன் 1998-ல் இனொவே வரைந்த "பியர்ஸ்" என்ற சிறுகதையிலேயே வந்திருக்கிறான். அன்று ஊன்றிய விதை இன்று மரமாயிற்று.

இதிலே ஒரு பெரிய யுக்தியும் அடங்கியிருக்கிறது. ஆட்டத்தின் முடிவு வாசகருக்கெல்லாம் மனப்பாடம். 20 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கிய ஷோஹொக்கு, கடைசி விநாடியில் 79-க்கு 78 என்று ஜெயிக்கும். ஆனால் ரியோதா தன் தாயாரோடு சமாதானம் அடைவானா என்பது ஒருவருக்கும் தெரியாது. முடிவு தெரிந்த பந்தயத்துக்குள்ளே, முடிவு தெரியாத மற்றொரு பந்தயத்தை வைத்துவிட்டார் ஆசிரியர்! இரண்டு நெட்டையர்கள் கைகளை விரித்து வழி மறிக்க, அந்தக் குள்ளப் பையன் குனிந்து பந்தைத் தட்டிக்கொண்டு அவர்களைப் பிளந்து வெளியே வரும்போது, அவன் எதிராளிகளை மட்டுமா தாண்டுகிறான்? அரங்கில் ஒரு மூலையிலிருந்து அவனுடைய தாயாரும் அதைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

ஓசையில்லாத விநாடிகள்

கடைசிக் கட்டம் வருகிறது. புஸ்தகத்தில் இந்த இடத்தில் பல பக்கங்களுக்கு வசனமே கிடையாது. சித்திரங்கள் மட்டுமே. திரையில் என்ன செய்வது? உச்ச கட்டத்தில் வாத்தியங்களை முழங்க விடுவது சினிமா உலகின் வாடிக்கை. இனொவே சத்தத்தையே ஏறக்குறைய எடுத்துவிட்டார். ஒருவரையொருவர் பிடிக்காத இருவரில், ருகாவா பந்தைக் கொடுக்க, சகுராகி எறிகிறான். கொட்டகை முழுவதும் மூச்சை அடக்கிக் கொள்கிறது. காகிதத்தின் மௌனத்தைத் திரைக்குக் கொண்டு வந்தது அதற்கு அவர் செய்த மிக உயர்ந்த மரியாதை.

குறையே இல்லையா என்றால், உண்டு. படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, டெலிவிஷனில் பேசிய பழைய குரல்கள் இதில் இல்லை என்று தெரிந்ததும் ரஸிகர்கள் மனம் வருந்தினார்கள். பழகின குரலை இழப்பது பழகின சிநேகிதரை இழப்பது போன்றதுதான். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. சகுராகியின் கோமாளிக் கூத்துக்களும் படத்தில் சுருங்கிப் போயின. ஆட்டம் சூடு பிடிக்கும் சமயத்தில் பழைய கதை குறுக்கே வந்து வேகத்தைத் தடுப்பதாகச் சொல்பவர்களையும் நாம் முற்றிலும் மறுக்க மாட்டோம். ஆனாலும் 124 நிமிஷத்தில் எல்லாருக்கும் எல்லாமும் கொடுக்க முடியுமா? எதை விடுவது என்று அறிந்தவரே எதை வைப்பது என்றும் அறிவார்.

ஜனங்கள் தங்கள் தீர்ப்பை வழங்கினார்கள். ஜப்பானில் மட்டும் 1500 கோடி யென்னுக்கு மேல் வசூலாயிற்று. கொரியாவிலும் சீனாவிலும் கூட்டம் அலைமோதியது. 2023-ல் ஜப்பான் அகாடமி, அவ்வருஷத்தின் சிறந்த சித்திரப் படம் என்று பரிசளித்தது.

நமக்கு இதில் வியப்பில்லை. ராமன் வில்லை முறித்துவிடுவான் என்பது தெரியாமலா நாம் ராமாயணக் காலட்சேபத்துக்குப் போய் உட்காருகிறோம்? பாகவதர் அந்தக் கட்டத்தை நெருங்கும்போது, நூறு தடவை கேட்ட பாட்டியும் சற்று நிமிர்ந்துதான் உட்காருகிறாள். என்ன நடக்கும் என்பது தீர்ந்துபோனாலும், அது யாருக்கு நடந்தது என்பது தீர்ந்து போவதில்லை. பழைய கதையை மறுபடியும் சொல்லப் புகுகிறவர்கள், இதுவரையில் யாருக்கு இலை போடவில்லை என்று ஒரு தடவை பந்தியைத் திரும்பிப் பார்த்தால் போதும். புதுக் கதை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.