இலவச மின்சாரம், இறங்கும் நீர்மட்டம்: இக்கட்டில் பஞ்சாப்

புது தில்லி: ஐந்து ஆறுகளால் பெயர்பெற்ற பஞ்சாபில், விவசாயிகள் இன்று ஆறுகளைவிட ஆழ்துளைக் கிணறுகளையே அதிகம் நம்பியுள்ளனர். ஏறத்தாழ 14 லட்சம் பம்ப்செட்டுகள் அங்கு இயங்குகின்றன. ஓராண்டில் எடுக்கத்தக்க நிலத்தடி நீரைப்போல 1.6 மடங்கு உறிஞ்சப்படுவதாக 2023-ம் ஆண்டு மத்திய மதிப்பீடு கூறுகிறது. நாட்டிலேயே இதுதான் மிக அதிகம். அந்த மதிப்பீட்டின்படி மாநிலத்தின் 153 வட்டாரங்களில் 117 வட்டாரங்கள் அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்டவையாக இருந்தன.

பஞ்சாப் மக்களின் அன்றாட உணவு கோதுமை. ஆயினும், மத்தியத் தொகுப்புக்காக ஆதார விலையில் நெல் கொள்முதல் உறுதியாக இருப்பதால், விவசாயிகள் நெல்லை விட்டு விலகத் துணிவதில்லை. பம்ப்செட்டுகளுக்கு 1997-ல் தொடங்கி, இடையில் நிறுத்தப்பட்டு, 2005-ல் மீண்டும் வழங்கப்பட்ட இலவச மின்சாரம் இதற்குத் துணை நின்றது. இதற்கான மானியம் மட்டும் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய்.

நீரைக் காக்க 2009-ல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றியது. கடும் கோடையில் வயலில் நிற்கும் நீர் ஆவியாவதைத் தவிர்க்க, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றும், மீறினால் ஹெக்டேருக்கு மாதம் ரூ. 10,000 அபராதம் என்றும் அச்சட்டம் விதித்தது. பின்னர் இந்தத் தேதி மேலும் தள்ளிவைக்கப்பட்டது.

நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்குச் சில வாரங்களே எஞ்சியதால், வைக்கோல் தாளை எரிப்பது அதிகரித்தது. அந்தப் புகை தில்லி வரை வந்தது. இதனிடையே, 2025-ல் நடவுத் தொடக்கம் ஜூன் 1-க்கு முன்னதாகக் கொண்டுவரப்பட்டது.

மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் ரூ. 4 வழங்கும் திட்டம் 2018-ல் அறிமுகமானது. விருப்பமுள்ளோர் மட்டுமே அதில் சேரலாம். நிலத்தடி நீர் எடுக்கக் கட்டணம் விதித்த 2023-ம் ஆண்டு மாநில விதிகளிலும் விவசாயத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மத்திய அரசு 2019-ல் ரூ. 6,000 கோடியில் தொடங்கிய அடல் நிலத்தடி நீர்த் திட்டத்துக்கு முதலில் தேர்வான ஏழு மாநிலங்களில் பஞ்சாப் இடம்பெறவில்லை.

ஆக, நீரை எடுப்பதற்குத் தாராளமாகச் செல்லும் அரசுப் பணம், அதைக் காப்பதற்குச் சிறிதளவே செல்கிறது. நீர்மட்டம் இறங்கும்தோறும் கிணற்றை ஆழப்படுத்தி, நீர்மூழ்கி மோட்டார் பொருத்தப் பெரு விவசாயிகளால் முடியும். சிறு விவசாயிக்கோ அது கடன். மின்சாரம் இலவசமாயினும் தண்ணீர் அவருக்கு இலவசமாக இல்லை.

நெல்லுக்கு இருப்பது போன்ற உறுதியான கொள்முதல் மக்காச்சோளத்துக்கும் பருப்பு வகைகளுக்கும் கிடைக்காதவரை, நடவுத் தேதியை மட்டும் மாற்றி நிலத்தடி நீரை மீட்க இயலாது.