பார்க்கலாம், ஆனால் மாற்றலாமா?

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் கரிசல் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் அவர்கள் மக்காச்சோளமோ பருத்தியோ பயிரிடுகிறார்கள். பட்டாவில் அந்த நிலத்தின் பரப்பு 0.81 ஹெக்டேர் என்று எழுதப்பட்டிருக்கும். இதில் 8 என்ற இலக்கத்தை யாரோ ஒருவர் 3 என்று மாற்றிவிட்டால் என்ன ஆகும்? அரை ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர், ஏட்டில் மறைந்துபோகும். வயலில் ஒரு பிடி மண்கூட நகர்ந்திராது!

முன்பு இந்தக் கணக்குகள் தடித்த பதிவேடுகளில் இருந்தன. தாளில் திருத்தினால் அடித்த கோடும், மையின் நிறமும், கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும். இன்று பட்டா விவரங்கள் சர்வர் எனப்படும் வழங்கிக் கணிப்பொறிகளில் உள்ளன. தமிழகத்தில் வருவாய்த் துறையினர் 'தமிழ்நிலம்' என்ற மென்பொருளின் வழியாக அவற்றைக் கையாளுகின்றனர். திரையில் தெரியும் எண்ணுக்கு மை இல்லை, கையெழுத்தும் இல்லை. அப்படியானால் அந்த 8 என்ற இலக்கத்தைக் காப்பது எது?

பூட்டி வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பூட்டிவிட்டால் நிலத்துக்கு உரியவரே தம் கணக்கைப் பார்க்க முடியாது. பயிர்க்கடன் கேட்டால் வங்கியில் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். ஆகவே, பார்க்கும் உரிமை பலருக்கு வேண்டும். மாற்றும் உரிமை மிகச் சிலருக்கே வேண்டும். இவ்விரண்டையும் பிரித்து வைப்பதுதான் கணிப்பொறிப் பாதுகாப்பின் அடிப்படை.

இரண்டு கேள்விகள்

பல கணிப்பொறிகள் இணைந்த வலையமைப்பில் ஒருவர் நுழையும்போது வழங்கிக் கணிப்பொறி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. முதல் கேள்வி: 'நீ யார்?' இதற்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் விடையாகின்றன. சில இடங்களில் கைரேகையோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணோ கூடுதலாகத் தேவைப்படும். இரண்டாவது கேள்வி: 'நீ என்ன செய்யலாம்?' இதற்கு விடையை நாம் சொல்வதில்லை. கணிப்பொறியே தன்னிடம் உள்ள அனுமதிப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது.

இவ்விரண்டும் ஒன்றல்ல. தேர்வு நாளில் நுழைவுச்சீட்டைக் காட்டி நீங்கள் பள்ளிக்குள் செல்கிறீர்கள். அதனால் வினாத்தாள் கட்டைப் பிரிக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுமா?

ஒன்பது எழுத்துகள்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அதில் வளர்ந்த எளிய முறை ஒன்று இன்று லினக்ஸிலும் பயன்படுகிறது. ஒவ்வொரு கோப்பையும் பொறுத்தவரை பயனர்கள் மூன்று வகையினர்: கோப்பின் உரிமையாளர், அவருடைய குழுவினர், மற்றவர்கள். அனுமதிகளும் மூன்று: படித்தல், எழுதுதல், இயக்குதல். மூன்று வகையினருக்கும் மும்மூன்று அனுமதிகள். ஆக, ஒன்பது எழுத்துகளில் ஒரு கோப்பின் பாதுகாப்பு முழுவதையும் எழுதிவிடலாம்.

இதை எண்களாகவும் எழுதுவார்கள். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. உரிய எண்களைக் கூட்ட வேண்டும். 6 என்றால் 4+2, அதாவது படிக்கலாம், எழுதலாம். 5 என்றால் 4+1, அதாவது படிக்கலாம், இயக்கலாம். இந்த மூன்று எண்களை எப்படிக் கூட்டினாலும் ஒரு விடை இரண்டு வழிகளில் வராது. இரும எண்முறையின் சிறப்பு இது. ஒரு கோப்புக்கு 640 என்ற அனுமதி இருந்தால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 777 என்று இருந்தால்? வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு, பெட்டிச் சாவியையும் வாசலில் மாட்டி வைத்ததாகப் பொருள்!

ஆளுக்கா, பதவிக்கா?

ஒரு வட்டத்தின் நில நிருவாகத்துக்கு இந்த மூன்று வகை போதாது. ஒரு நிலத்தின் பகுதியை மட்டும் வாங்கியவர் பட்டா மாறுதல் கேட்கிறார் என்று கொள்வோம். நில அளவர் அளந்து உட்பிரிவுக்கான வரைபடம் தயாரிக்கிறார். ஆணை பிறப்பிப்பவர் வட்டாட்சியர். அளப்பவரே ஆணையும் பிறப்பித்தால் ஒருவர் செய்யும் தவறைப் பிடிக்க இன்னொருவர் இல்லாமல் போய்விடும். ஆகவே வேலையைப் பிரிக்கும்போது கணிப்பொறி அனுமதியையும் பிரித்தே தர வேண்டும்.

அலுவலர்களுக்கு இடமாற்றமும் உண்டு. இன்று குன்னத்தில் இருப்பவர் நாளை வேறு வட்டத்துக்குப் போகலாம். அதனால் அனுமதியைப் பதவியோடு இணைத்துவிட்டு, அப்பதவியில் இருப்பவரின் தனிப் பயனர் பெயரை அதில் சேர்ப்பார்கள். மாறுதல் ஆனதும் பெயரை நீக்குவார்கள். இம்முறைக்கு அமெரிக்காவின் டேவிட் ஃபெரையோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992இல் தெளிவான இலக்கணம் வகுத்தனர். பெயரை நீக்க மறந்தால், ஊரை விட்டுப் போனவரிடம் சாவி தங்கிவிடும்.

எல்லையும் முக்கியம். குன்னம் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவியுள்ளது. ஆனால் நிலக் கணக்கு தொகுதியைப் பார்ப்பதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம் என்றே பிரிகிறது. எனவே மாற்றும் உரிமையும் அவரவர் வட்டத்தின் எல்லைக்குள் நிற்பதே முறை.

பொதுமக்கள் இணையத்தில் பட்டாவைப் பார்க்கிறார்களே, அவர்களுக்கும் கோப்பு அனுமதி உண்டா? அவர்கள் கோப்பைத் தொடுவதே இல்லை. இடையில் ஒரு நிரல் நிற்கிறது. புல எண்ணைக் கேட்டு, உரிய வரியை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. நூலகத்தில் வாசகரை அலமாரிப் பக்கம் விடாமல், கேட்ட நூலை மட்டும் எடுத்துத் தரும் பணியாளரைப் போன்றது இது.

கடவுச்சொற்கள் வெளியான கதை

பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் 1961இல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ. கடவுச்சொல்லைக் கணிப்பொறியில் புகுத்திய முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1960களின் நடுவில் ஒருநாள் அந்த அமைப்பில் இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட்டன. ஒன்று, நுழைவோருக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பு. மற்றொன்று, கடவுச்சொற்களின் பட்டியல். அன்று உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அனைவரின் கடவுச்சொற்களும் காட்சியளித்தன!

பட்டியலைக் காப்பது மட்டும் போதாது, பட்டியல் வெளியானாலும் பயன்படாதபடி செய்ய வேண்டும் என்பது பின்னர் புரிந்தது. இன்று நன்கு அமைக்கப்பட்ட வழங்கிகளில் கடவுச்சொல் அப்படியே எழுதி வைக்கப்படுவதில்லை. ஒருவழிக் கணக்கு ஒன்றில் அதை இட்டு, வரும் விடையை மட்டும் சேமிக்கிறார்கள். அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது அல்லவா? அதுபோலத்தான். நீங்கள் மீண்டும் நுழையும்போது அதே கணக்கைச் செய்து, இரு விடைகளும் ஒன்றா என்று கணிப்பொறி ஒப்பிடுகிறது.

தேவைக்கு மேல் ஒரு சாவியும் வேண்டாம்

1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் ஒரு நெறியை வகுத்துக் கூறினர். ஒருவருக்கோ ஒரு நிரலுக்கோ அதன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அனுமதியை மட்டுமே தர வேண்டும் என்பதே அது. இது அலுவலரை அவநம்பிக்கையோடு பார்ப்பது அன்று. நேர்மையானவரும் தவறான பொத்தானை அழுத்தலாம். அவருடைய கடவுச்சொல்லும் திருடப்படலாம். அனுமதி சிறியதாக இருந்தால் சேதமும் சிறியதாகவே இருக்கும்.

யார், எப்போது, எதை மாற்றினார் என்று வழங்கி குறித்து வைக்கும் பதிவும் உண்டு. தாளில் இருந்த மைக்கும் கையெழுத்துக்கும் ஈடானது இதுதான். ஆனால் நால்வர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால் அந்தப் பதிவு பயனற்றுப்போகும். ஒருவர் செய்த திருத்தத்துக்கு இன்னொருவர் பதில் சொல்ல நேரும். 'கொஞ்சம் அவசரம், உன் கடவுச்சொல்லைச் சொல்' என்று நண்பர் கேட்டால், அவர் கேட்பது உங்கள் கையெழுத்தை என்பதை நினைவில் கொள்ளுங்கள். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் பிறர் கணிப்பொறியில் அனுமதியின்றி நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இப்போது நீங்களே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். உங்கள் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் ஒரே கோப்பில் உள்ளது. வகுப்பாசிரியர் அதில் எழுத வேண்டும். மற்ற ஆசிரியர்கள் படிக்க மட்டும் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டும். முதலிரண்டுக்கும் உரிய எண்ணை எளிதில் கண்டுபிடித்துவிடுவீர்கள். மூன்றாவதை எந்த மூன்றிலக்க எண்ணாலும் நிறைவேற்ற முடியாது. ஏன் முடியாது, வேறு என்ன வழி என்று நண்பர்களுடன் கலந்து பேசுங்கள். விடை இக்கட்டுரையிலேயே இருக்கிறது!