பழைய சரக்கு மோட்டார் இடையிடையே நின்றுபோதல்

பிறர் உபயோகித்த சிறு சரக்கு மோட்டாரை வாங்கி, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் குடியானவர் கொங்கு நாட்டில் அநேகர். அவ்வண்டி வழியில் நின்று, கால்மணி கழித்து மீண்டும் கிளம்புமாயின், யந்திரத்தைப் பிரிக்க அவசரப்படலாகாது. நின்ற விதத்தையே முதலில் கவனிக்க வேண்டும்.

விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்கம்பி இணைப்பு தளர்ந்திருக்கும். பாட்டரி முனைகளைச் சோதிக்க. இழுவை குன்றித் திணறி நின்றால் டீசல் போதிய அளவு வரவில்லை. தொட்டி மூடியைத் திறக்கையில் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, பின்னர் வண்டியும் தடையின்றி ஓடுமாயின், மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டதே காரணம். அதுவன்றெனில் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தித் தங்கிய தண்ணீரை வடித்தல் வேண்டும். பழைய தொட்டியின் துரு, ஓடும்போது உறிஞ்சுகுழாயின் வாயை அடைத்து, நின்றபின் கீழே படிந்துவிடும். வண்டி மறுபடி கிளம்பும் மர்மம் இதுவே. வடிகட்டியை மட்டும் மாற்றி ஏமாறுவோர் பலர். தொட்டியை இறக்கிக் கழுவுதலே பரிகாரம்.

குன்னூர் மலைப்பாதையில் இஃது விளையாட்டன்று. யந்திரம் நின்றால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமும் இரண்டொரு மிதிப்பில் தீர்ந்து, மிதி கல்லாய் இறுகும். ஆகையால் விட்டுவிட்டு மிதியாது, ஒரே மிதியாய் அழுத்தி நிறுத்தி, கைப்பிரேக்கிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பின்னரே சோதனையைத் தொடங்குக.