கடலிலிருந்து பசறை வரை

கல்லடிப் பாலத்தின் கீழ்ப் பாடும் மீன்களைப் பற்றி எழுதாத மட்டக்களப்பு எழுத்தாளர் அரியர். நானும் முன்னொருகால் எழுதியவனே. இன்று அம்மீன்களை அவற்றின் பாட்டிலே விட்டுவிட்டு, அப்பாலத்திலிருந்து புறப்பட்டு மேற்கே மலைநாட்டுக்கு ஏறுகின்ற ஒரு வழியைப் பற்றிச் சொல்லக் கருதுகின்றேன். 1924இல் திறக்கப்பெற்ற பழைய இரும்புப் பாலமும், 2013இல் அதன் அருகே எழுந்த புதிய பாலமும் பார்த்திருக்க, 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்து விடிகாலை ஒன்றில், ஐம்பத்தாறு வயதுப் பண்டிதன் ஒருவன் தனக்குச் சொந்தமல்லாத துவிச்சக்கர வண்டி ஒன்றில் ஏறிப் புறப்பட்டான். அவன் நானே என்பதை வாசகர் இதற்குள் உணர்ந்திருப்பர்.

வண்டியின் வரலாற்றைச் சொல்லாமல் வழியின் வரலாற்றைச் சொல்ல இயலாது. 1980களின் இறுதியில் என்னோடு ஒரே விடுதியில், ஒரே விளக்கின் கீழ், பண்டித பரீட்சைக்குப் படித்த நண்பர் ஒருவர் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். லயத்திலே பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்திலே அகரம் கற்று, இலக்கண வகுப்பில் எங்கள் எல்லோரையும் பின்னே தள்ளியவர். சிறு பிள்ளைகளுக்கு மாலையிலே பாடஞ் சொல்லிச் சேர்த்த பணத்தில் பழைய றலி வண்டி ஒன்றை வாங்கினார். பரீட்சை முடிந்ததும் அவ்வண்டியிலேயே இருவரும் அவருடைய ஊருக்குச் செல்வதென்று உடன்பட்டிருந்தோம். சமநிலத்தில் ஒருவர் மிதிக்க மற்றவர் கரியரில் இருப்பது. ஏற்றம் வந்தால் இருவரும் இறங்கித் தள்ளுவது. இதுவே எங்கள் திட்டம். இருபத்துமூன்று வயதில் மலையின் உயரம் எவருக்குத் தெரிகிறது?

1990 வைகாசியில் தமக்கையின் திருமணத்துக்காக அவர் பஸ்ஸில் ஊருக்குப் போனார். வண்டியையும், ஆறுமுக நாவலரின் நன்னூற் காண்டிகையுரைப் பிரதி ஒன்றையும் என் கையில் ஒப்படைத்து, "ரெண்டு கிழமையில வந்திருவேன்" என்றார். ஆனியிலே போர் மூண்டது. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதி, அதன்பின் நெடுங்காலம் நம்மவர்க்கு வழியாக இருக்கவில்லை.

இதுவரை குற்றம் காலத்தினது. இனி வருவது என்னுடையது. 1994இல் அவரிடமிருந்து கடிதம் வந்தது. வண்டியை நானே வைத்துக்கொள்ளலாமென்றும், புத்தகத்தை மாத்திரம் தபாலில் அனுப்புமாறும், அடுத்த ஆண்டு பரீட்சைக்குத் தோற்ற எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தார். அப்பிரதியின் ஓரங்களில், எங்கள் ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்ன நுட்பங்களையெல்லாம் அவர் பென்சிலால் பொடியெழுத்தில் குறித்திருந்தார். அக்குறிப்புக்கள் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையா. நானும் அவ்வாண்டு பரீட்சைக்கு இருந்தேன். முடிந்ததும் அனுப்பலாம் என ஒத்திப்போட்டேன். தேறினேன். தேறிய பின் அனுப்புவதற்கு நாணம் தடுத்தது. கடிதத்துக்கு மறுமொழியும் எழுதவில்லை. போர்க்காலத்திலும் தபால் எப்படியோ ஓடிற்று, நான்தான் ஓடவில்லை. 2007இல் கிழக்கிலும் 2009இல் நாடு முழுதும் போர் ஓய்ந்தது. பதுளை வீதியில் மீண்டும் பஸ்கள் ஓடின. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் நான் வாளாவிருந்ததற்குப் போர் காரணமன்று.

2022இல் எரிபொருள் இல்லாது நாடே வரிசையில் நின்றபோது, சுவரில் தொங்கிய அந்த றலியை இறக்கித் துடைத்துப் பாடசாலைக்கு ஓட்டத் தொடங்கினேன். மாணவன் ஒருவன் குறுக்குத் தண்டில் ஆணியாற் கீறியிருந்த எழுத்துக்களைப் படித்துவிட்டு, "இது யார்ர பேர் ஐயா?" என்று கேட்டான். நான் அவனுக்கு மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் அக்கேள்வியின்மேல் அமர்ந்தே பாடசாலைக்குச் சென்றேன் என்க.

இவ்வழியைத் துவிச்சக்கர வண்டியிற் செல்ல விரும்பும் இளைஞர்க்கு இரண்டொரு செய்திகள் பயன்படும். பழைய றலிக்குக் கியர் இல்லை. முன்னே 48 பல், பின்னே 18 பல். மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 28 அங்குலச் சில்லு இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக உருண்டு, ஏறக்குறைய இருபது அடி செல்லும். சமநிலத்துக்கு இது நன்று, மலைக்குத் தண்டனை. பின்பற்சக்கரத்தை 22 பல் உடையதாக மாற்றினேன். ஒரு மிதிக்குப் பதினாறு அடியே செல்லும். ஆயினும் முழங்கால் வாழ்த்தும். இன்றைய பிள்ளைகள் பல கியர்கள் உள்ள வண்டிகளில் செல்வர். அவர்கள் இப்பந்தியைத் தாண்டிவிடலாம்.

மற்றையது காற்று. நான் தேர்ந்த பருவம் பிழையான பருவம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சாரலிலே தன் மழையையெல்லாம் பெய்து தீர்த்து, முகட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது வறண்டு சூடேறி வருகின்றது. அதுவே நாம் ஏசும் கச்சான். மேற்கு நோக்கிச் செல்பவனுக்கு அது நேர் எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மாரியிலே காற்றின் துணை உண்டெனினும், வெள்ளமும் ஊவாவின் மண்சரிவும் உடன் வரும். மாசி பங்குனியே இவ்வழிக்கு உகந்த காலம். எனக்கோ விடுமுறை ஆவணியிற்றான் வாய்த்தது. இன்னுமோராண்டு ஒத்திவைக்க அஞ்சினேன். ஒத்திவைப்பதில் எனக்குள்ள திறமையை நான் அறிவேன்.

தன்னாமுனை, மயிலம்பாவெளி, ஏறாவூர் கடந்து செங்கலடிச் சந்தியில் இடப்புறம் திரும்பியதும் கடற்காற்று நின்றுவிடுகிறது. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியே வரும் ஏ-5 நெடுஞ்சாலையின் முடிவு இது, எனக்குத் தொடக்கம். கரடியனாறு வரை வயல். உறுகாமக் குளத்தருகே எருமைகள் மூக்கு மட்டும் தெரிய நீரிற் கிடந்தன. வடக்கே குடும்பிமலை தன் முடிச்சோடு நின்றது. கோப்பாவெளி, புல்லுமலை முதலிய ஊர்கள் போரிலே வெறுமையாகிப் பின் மீண்டும் குடியேறியவை. புல்லுமலையில் தேத்தண்ணீர் தந்த மூதாட்டி, "தம்பி, நாலு மணிக்குப் பிறகு ஓடாதீங்க, ஆனை வீதிக்கு வந்திரும்" என்று எச்சரித்தார். ஐம்பத்தாறு வயதில் ஒருவர் நம்மைத் தம்பி என்று அழைப்பது எத்துணை இனிது! அவர் சொற்படி விரைந்து மிதித்து, வெயில் சாயுமுன் மகாஓயாவை அடைந்தேன். அங்குள்ள வெந்நீர் ஊற்றுக்கள் கிணறு கிணறாக அருகருகே அமைந்தவை. ஒன்றன் சூடு மற்றொன்றுக்கு இல்லை. இளஞ்சூட்டுக் கிணற்று நீரை முழங்காலில் ஊற்றிக்கொண்டு ஒரு நாழிகை இருந்தேன்.

பதியத்தலாவையிலிருந்து பிபிலை வரை காய்ந்த காடும் தோடைத் தோட்டங்களும். இப்பகுதியில் சொல்லத்தக்கது என் பின்சில்லிற் கம்பிகள் இரண்டு முறிந்தமையே. பிபிலையில் திருத்துமிடம் வைத்திருந்த முதிய சிங்களவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றிப் பார்த்தார். என் சிங்களம் இலக்கணச் சுத்தமானது, ஆதலால் எவருக்கும் விளங்காதது. அவருடைய தமிழோ இலக்கணமே இல்லாதது, எல்லோர்க்கும் விளங்குவது. "இது நல்ல இரும்பு மாத்தயா. இரும்புக்குச் சந்தேகம் இல்ல. மாத்தயா முழங்கால்தான் சந்தேகம்" என்றார். கம்பி போட்டு, பிறேக் கட்டைகளையும் மாற்றி, முந்நூறு ரூபாய் வாங்கினார். இறங்கும்போது பிறேக்கை அழுத்திப் பிடித்தபடி வரலாகாது, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், இரும்பு வளையம் சூடேறினால் நின்று ஆறவிட வேண்டும் என்று அவர் சொன்ன அறிவுரை முந்நூறு ரூபாயினும் பெரிது.

பிபிலைக்கு அப்பால் வழி மலையேறத் தொடங்குகிறது. லுணுகலை வரை மிதித்த தூரத்தினும் தள்ளிய தூரமே மிகுதி. ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு படி குளிர்ந்தது. நெய்தல், மருதம், முல்லை, கச்சான் எரித்த காட்டிலே பாலை, இப்போது குறிஞ்சி என்று, முப்பதாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய ஐந்திணையையும் நான்கு நாளிற் காலாற் படித்துவிட்டதாக ஒரு செருக்கு எனக்கு எழுந்தது. முதல் தேயிலைச் சரிவு கண்ணிற் பட்டதும் அச்செருக்கு நின்றுவிட்டது. நெற்றியிலே கூடைக்கயிறு அழுந்தக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மகளிரை எந்தத் திணையில் வைப்பது? தினைப்புனம் காத்த குறிஞ்சி மகளுக்குப் புனம் அவள் குடியினது. இவர்கள் பறிக்கும் இலை இவர்களுடையதன்று. நிற்கும் நிலமும் அன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை தலைகளை எண்ணி இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. என் நண்பரின் தமையனார் குடும்பம் அந்தப் பங்கீட்டிற் கப்பலேறியது. விடுதியில் அதைப் பற்றி அவர் ஒருமுறைதான் பேசினார். நாங்கள் அப்போது புணரியல் படித்துக்கொண்டிருந்தோம்.

நமுனுகுலை மலை மேகத்துள் மறைவதும் வெளிப்படுவதுமாக இருக்க, நான்காம் நாள் பிற்பகல் பசறையை அடைந்தேன். கடிதத்திலிருந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர், "நம்ம தமிழ் சாரா? இருக்காரு. மேல ஏறிப் போங்க, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால" என்றார். 'இருக்கிறார்' என்ற அச்சொல்லுக்காக, வண்டியைப் பிடித்தபடியே சிறிது நேரம் நின்றேன்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். தலை நரைத்திருந்தது, பென்சில் காதிலே இருந்தது. என்னை நோக்கவில்லை, வண்டியைத்தான் முதலில் நோக்கினார். குறுக்குத் தண்டைத் தடவினார்.

"செயின் மாத்திட்டியா?"

"ரெண்டு தரம், மச்சான்."

"இத ஏண்டா மலையில கொண்டாந்த? இங்க யாரு சைக்கிள் ஓட்டுறா? அந்தக் காலத்திலயே கீழ ஓட்டத்தானே வாங்கினேன்" என்று சிரித்தார்.

நான் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். வழியெல்லாம் ஆயத்தஞ் செய்து வந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. 1994ஆம் ஆண்டின் கடிதம் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். பரீட்சைக்குத் தோற்றினாரா என்று கேட்டேன். "இல்ல. அந்த வருஷம் அப்பா படுத்திட்டாரு. பொஸ்தகம் வந்திருந்தாலும் போயிருப்பேனோ என்னமோ" என்றார். அது உண்மையோ, என்னைக் காப்பதற்குச் சொன்னதோ, நான் அறியேன். அவர் முகத்திலே கோபத்தைத் தேடினேன்; கண்டிருந்தால் எனக்கு எளிதாயிருக்கும்.

இரவு ரொட்டியும் சம்பலும் உண்டபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏடு ஏடாகப் புரட்டினார். அவருடைய பென்சிற் குறிப்புக்களின் அருகே பல இடங்களில் என் மைக்குறிப்புக்கள் இருந்தன. பொற்றொடி என்னும் எடுத்துக்காட்டுள்ள ஏட்டில் நின்றார். அன்மொழித்தொகை என்று அவர் குறித்திருக்க, 'இஃது ஆகுபெயரே' என்று நான் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

"இத இப்பிடியா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்த?"

"முப்பது வருஷமாக."

"தப்பு" என்றார். "ரெண்டு சொல்லுத் தொக்கு நின்னு, அந்தத் தொகை வெளிய இன்னொரு பொருளக் காட்டுது. ஒரு சொல்லு தன் பொருளோட சேந்த ஒண்ணுக்கு ஆகி வந்தாத்தான் ஆகுபெயர்."

உரையாசிரியர்களே ஒருமைப்படாத இடம் அது என்று நான் வாதித்தேன். அவர் விடவில்லை. அவருடைய பேத்தி உயர்தர வகுப்பிலே தமிழ் படிப்பவள்; அவள் விளக்கருகே வந்து அமர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டம்மா இருமுறை வந்து, "படுங்களேன்" என்றார். நள்ளிரவு வரை பொற்றொடி வரவும் இல்லை, போகவும் இல்லை.

புத்தகம் பேத்தியிடம் தங்கிவிட்டது. வண்டியை அவர் எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை. மறுநாட் காலை லுணுகலை வீதி வரை தாமே உருட்டிக்கொண்டு வந்து என் கையில் தந்தார். விட்டு விட்டுப் பிறேக் பிடித்து இறங்கினேன். பிபிலைக்குக் கீழே கச்சான் இப்போது முதுகிலே கை வைத்துத் தள்ளியது.