படி ஏற மறுக்கும் தொடை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைகளில் வேலைக்குப் போகிறவருக்கு உடம்புதான் முதல் கருவி. கம்பெனி பஸ்ஸின் உயரமான முதல் படியில் ஏற வேண்டும். ஷிஃப்ட் முடியும்வரை லைனில் நிற்க வேண்டும். குனிந்து பெட்டியைத் தூக்கி நிமிர வேண்டும். சிலர் தலைக்கு மேல் கையை உயர்த்தியபடியே போல்ட் முடுக்க வேண்டும். தொடை, இடுப்பு, தோள் ஆகிய மூன்று இடத்துத் தசைகளும் ஒத்துழைக்காவிட்டால் இதில் எதுவும் நடக்காது. புற்றுநோய் சிகிச்சையில் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை முதலில் கைவைப்பதும் இந்த மூன்று இடங்களில்தான்.

கட்டி சுருங்கியிருக்கும், பசி திரும்பியிருக்கும், ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்திருக்கும். ஆனாலும் தரையில் உட்கார்ந்தவருக்கு யாராவது கை கொடுத்தால்தான் எழ முடிகிறது. நோய் முற்றிவிட்டதோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். கீமோ கொடுத்த பலவீனம், படுத்து ஓய்வெடுத்தால் சரியாகும் என்று அக்கம்பக்கத்தார் தேற்றுகிறார்கள். பல நேரங்களில் இரண்டுமே சரியல்ல. மருந்தால் வரும் தசைநலிவு இது. காரணம் தெரிந்த, வாராவாரம் வீட்டிலேயே அளந்து பார்க்கக்கூடிய, பெரும்பாலும் மீளக்கூடிய நிலை. படுத்தே கிடந்தால் மட்டும் அது கூடும்.

எதற்காக ஸ்டீராய்டு?

டெக்ஸாமெத்தசோன் என்ற பெயரை 2020 ஜூனில் உலகமே கேட்டது. கடுமையான கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கும் மலிவான மருந்து அது என்று பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு அப்போது காட்டியது. புற்றுநோய் வார்டுகளில் ‘டெக்ஸா’ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பழக்கமான பெயர். லிம்ஃபோமா, மைலோமா, சிலவகை ரத்தப் புற்றுநோய்கள் ஆகியவற்றில் ஸ்டீராய்டு நோய்ச் செல்களை நேரடியாகவே கொல்கிறது. மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை வடியச்செய்கிறது. தண்டுவடத்தைக் கட்டி அழுத்தும்போது காலைக் காப்பாற்ற உதவுகிறது. கீமோவால் வரும் வாந்தியை அடக்குகிறது.

அளவுதான் சிக்கல். சிறுநீரகங்களின் உச்சியில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரைக்குச் சமம். லிம்ஃபோமாவுக்கான வழக்கமான கூட்டுச் சிகிச்சையில் ஒவ்வொரு சுற்றிலும் 5 நாள், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் கொடுக்கிறார்கள். மூளைக் கட்டி வீக்கத்துக்கு 16 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் வரை போவதுண்டு. அதுவும் 100 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு மேல்தான். உடம்பு தானாகச் சுரப்பதைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் இங்கே குழம்பக்கூடும். ஸ்டீராய்டு என்றால் சதை ஏறும் என்றுதானே அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? அது ஆண் ஹார்மோனின் வழிவந்த வேறொரு வகை. மூலக்கூறின் எலும்புக்கூடு மட்டும் இரண்டுக்கும் ஒன்று. தசையில் இரண்டும் செய்யும் வேலை நேர் எதிர்.

தசையில் நடப்பது என்ன?

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு மருத்துவர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் கார்ட்டிசால் மிகுந்தால் என்ன ஆகும் என்பதோ அதற்கு முன்பே பதிவாகியிருந்தது. 1932-இல் ஹார்வி குஷிங் விவரித்த நோயாளிகளுக்கு முகம் உருண்டிருந்தது, வயிறு பருத்திருந்தது, தசைகள் பலமிழந்திருந்தன. பின்னாளில் அந்த நோய் அவர் பெயராலேயே வழங்கியது.

கார்ட்டிசால் நெருக்கடி நேரத்துச் சுரப்பு. காய்ச்சலோ பட்டினியோ வந்தால் உடம்புக்குச் சர்க்கரை வேண்டும். அப்போது அது நகையை அடகு வைத்துக் குடும்பச் செலவைச் சமாளிப்பதுபோல், தசையின் புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்துக் கல்லீரலுக்கு அனுப்பிக் குளுக்கோஸாக மாற்றிக்கொள்கிறது. நெருக்கடி தீர்ந்ததும் நகை மீட்கப்படும். மாத்திரை நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டிருந்தாலோ அடகு மட்டுமே நடக்கும், மீட்பு நடக்காது.

செல்லுக்குள் இது நடக்கும் வழியும் இன்று தெரியும். ஸ்டீராய்டு மூலக்கூறு தசைச் செல்லில் தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்று 2001-இல் அடையாளம் காணப்பட்ட இரண்டு மரபணுக்கள் அவற்றில் முக்கியமானவை. தசைப் புரதங்களில் ‘யுபிக்விட்டின்’ என்ற அடையாளத்தை ஒட்டும் நொதிகள் இவற்றிலிருந்து உருவாகின்றன. அடையாளம் ஒட்டப்பட்ட புரதத்தைச் செல்லின் சிதைப்பு எந்திரம் நறுக்கிவிடும். அதே சமயம் புதுப் புரதம் கட்டும் வேலையும் மந்தமாகிறது.

எல்லா இழைகளுக்கும் ஒரே பாதிப்பு இல்லை. நிற்பதற்கும் மெல்ல நடப்பதற்கும் உதவும் மெது இழைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சட்டென்று எழ, படி ஏற, பாரம் தூக்க உதவும் வேக இழைகளே அதிகம் மெலிகின்றன. சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க முடிந்தவருக்கு பஸ் படி மலையாகத் தெரிவது இதனால்தான். ‘நல்லாத்தானே நடக்கிறாரு’ என்று சூப்பர்வைசர் சந்தேகப்படுவதும் இதனால்தான்.

எப்படிக் கண்டுகொள்வது?

இந்த நலிவில் பொதுவாக வலி இருக்காது. இரண்டு பக்கமும் ஒரேபோல் வரும். இடுப்பிலும் தொடையிலும் தொடங்கி, பிறகு தோளுக்குப் போகும். இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமை, மாடிப்படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுதல், தலை வாரவோ கொடியில் துணி போடவோ கையைத் தூக்க முடியாமை ஆகியவை முதல் அறிகுறிகள். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வரும். டெக்ஸா அதிக அளவில் போனால் இரண்டு வாரத்திலேயேகூடத் தலைகாட்டலாம். மூச்சுத் தசைகளும் மெலியலாம் என்பதால், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை அலட்சியம் செய்யக் கூடாது.

தசை சிதையும் மற்ற நோய்களில் உயரும் ‘சி.கே.’ என்ற ரத்த அளவு இதில் வழக்கமாக இயல்பாகவே இருக்கும். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று நோயாளியின் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது.

மாறாக, பாதம் மரத்து, செருப்பு கழன்று போவதுகூடத் தெரியாமல் போனால் அது வின்கிரிஸ்டின், போர்ட்டெசோமிப் போன்ற மருந்துகளால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். பொட்டாசியம் குறைவு, தைராய்டு கோளாறு, வைட்டமின் டி பற்றாக்குறை ஆகியவையும் தசையைத் தளர்த்தும். முதுகுவலியோடு கால் திடீரென்று தளர்ந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளம் அது. இம்யூனோதெரபி எடுப்பவருக்கு இமை சரிந்து தசை வலித்தால் அதுவும் அவசரம்.

குறைந்த அளவு, கூடிய ஆயுள்

ஸ்டீராய்டு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் ஒரு காலத்தில் இருந்தது. அதை அசைத்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்றை நடத்தியவர் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த எஸ். வின்சென்ட் ராஜ்குமார். அவர் பணியாற்றுவதும் 1948-இல் கார்ட்டிசோன் ஊசி போடப்பட்ட அதே மேயோ கிளினிக்கில்தான். மைலோமா நோயாளிகள் 445 பேரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் லெனலிடோமைட் என்ற மருந்து பொது. ஒரு பிரிவுக்கு 28 நாள் சுற்றில் 480 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன். மற்றதற்கு வாரம் ஒரு நாள் 40 வீதம் 160 மில்லிகிராம் மட்டும். ஓராண்டு முடிவில் அதிக அளவு பெற்ற பிரிவில் 87 சதவீதத்தினர் உயிரோடிருந்தனர். குறைந்த அளவு பெற்ற பிரிவில் 96 சதவீதத்தினர். 2010-இல் வெளியான இந்த முடிவு மைலோமா சிகிச்சையையே மாற்றியது.

ஆகவே ‘டோஸைக் குறைக்க முடியுமா?’ என்று மருத்துவரிடம் கேட்பது சிகிச்சையைச் சந்தேகிப்பதாகாது. சிலருக்குக் குறைக்க முடியும். சிலருக்கு டெக்ஸாவிலிருந்து பிரெட்னிசோலோனுக்கு மாற்றலாம். புளோரின் சேர்ந்த டெக்ஸா வகை மருந்துகள் தசையை அதிகம் பாதிக்கின்றன. சிலருக்கு அப்போதைக்கு எதையும் மாற்ற முடியாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

தானாக நிறுத்துவது ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பிகள் வேலையை நிறுத்திவிடும். மாத்திரை திடீரென்று நின்றால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் வரை போகும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்குவதும் அதே அளவு ஆபத்து. 5 நாள் போட வேண்டிய மாத்திரை மாதக்கணக்காக ஓடிவிடும்.

தசைக்கு வேலை கொடுங்கள்

ஸ்டீராய்டு கரைக்கும் தசையைப் பயிற்சியால் காக்க முடியுமா? உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் இதற்கு முதலில் பதில் தந்தார்கள். 1980-களில் சுவிட்சர்லாந்தில், பிரெட்னிசோன் எடுத்துவந்த சிறுநீரக மாற்று நோயாளிகளின் மெலிந்த தொடைகள் பயிற்சியால் தேறின. 1998-இல் ஃபுளோரிடாவில் இதய மாற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதம் எடைப் பயிற்சி செய்தவர்கள் இழந்த தசையை மீட்டார்கள். செய்யாதவர்கள் இழந்துகொண்டே போனார்கள். அவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர். ஆனால் மருந்தும் தசையும் ஒன்றே.

புற்றுநோயாளிகளுக்கான 2019 சர்வதேச வழிகாட்டுதல், வாரம் மூன்று நாள் அரை மணி நேர நடையையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் சொல்கிறது. ஜிம் வேண்டாம். கை வைத்த உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழுவதே முதல் பயிற்சி. முடியாவிட்டால் இருக்கையின் மேல் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டலாம். சுவரைத் தள்ளுதல், ஒரே ஒரு படியில் ஏறி இறங்குதல், தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தோள்வரை தூக்குதல் ஆகியவற்றைப் பிறகு சேர்க்கலாம். எட்டு முதல் பதினைந்து முறை செய்து, சற்று ஓய்வெடுத்து, இன்னொரு சுற்று. எலும்பில் நோய் பரவியிருந்தாலோ, தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து முழுதாக எழ முடிகிறது என்று வாரம் ஒருமுறை எண்ணி, மருத்துவமனை நோட்டில் எழுதி வையுங்கள். ‘பலவீனமாக இருக்கிறது’ என்பதைவிட, ‘போன மாதம் 11, இப்போது 6’ என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கட்டுவதற்குச் செங்கல்லும் வேண்டும். புற்றுநோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம்வரை தினமும் புரதம் தேவை என்கிறது ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. கஞ்சியும் இட்லியும் மட்டும் கொடுத்து ‘லேசான சாப்பாடு’ என்று திருப்தி அடைந்தால் கணக்கு எட்டாது. முட்டை, மீன், கோழி, சுண்டல், பருப்பு, தயிர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுச் செய்யவும். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை, குறிப்பாகப் பிற்பகலில், ஏற்றும் என்பதால் காலை வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் போதாது.

வேலைக்குத் திரும்பும் வழி

டோஸ் குறைந்த சில வாரங்களில் பலம் திரும்பத் தொடங்கும். முழுதாகத் திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை விழாமல் இருப்பதே முதல் வேலை. ஸ்டீராய்டு எலும்பையும் மெலியவைக்கும் என்பதால் ஒரு சறுக்கல் எலும்பு முறிவில் முடியலாம். கழிப்பறைக்கு நாற்காலி, சுவரில் கைப்பிடி, பாய்க்குப் பதில் கட்டில் போதும். விடுதியில் இருப்பவர்கள் கீழ்க் கட்டிலைக் கேட்டு வாங்கலாம்.

இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே, காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அண்ணா பெயரிலான அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்குப் புற்றுநோய், நீட்டித்த நோய்க்காலப் பணப்பலன் தரும் நோய்களில் ஒன்று. தகுதி நிபந்தனைகள் பொருந்தினால் சம்பளத்தில் 80 சதவீதம்வரை, இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். பலம் திரும்பும் முன்பே பணத்துக்காக லைனுக்கு ஓட வேண்டிய கட்டாயத்தை இது குறைக்கும்.

‘ஃபிட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் சான்றிதழ் யாருக்கும் பயன்படாது. எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், தலைக்கு மேல் கைவேலை எப்போது தொடங்கலாம் என்று எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலையைச் சில மாதம் கேட்பது சலுகை கேட்பது அல்ல. நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. நோயை வென்று வந்த ஆபரேட்டரைத் தசை தேறும்வரை நாற்காலியில் உட்காரவைத்தால் கம்பெனிக்குப் பழகிய கை திரும்பக் கிடைக்கும். தேறும் முன்பே நிற்கவைத்தால், சிகிச்சை மிச்சம் வைத்த தசையையும் அவர் இழப்பார்.