செயற்கை மூட்டுக்குள் சீழ் இருக்கிறதா?

முழங்கால் மூட்டை மாற்றி, மூன்று நான்கு வருடம் நன்றாக நடந்தவருக்கு அதே காலில் மறுபடி வலி. காய்ச்சல் இல்லை; வீக்கமும் பெரிதாக இல்லை. எக்ஸ்-ரே எடுத்தால் உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறது. மூட்டு ஆட்டம் கண்டுவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிடுவார். ஏன் ஆட்டம் கண்டது என்பதுதான் சிக்கல். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்து, அதன் துகள்களால் எலும்பு கரைந்திருக்கலாம். கிருமி புகுந்தும் கரைந்திருக்கலாம். படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

வைத்தியமோ வேறு வேறு. வெறும் தேய்மானம் என்றால் தளர்ந்ததைக் கழற்றி, அதே ஆபரேஷனில் புதியதைப் பொருத்திவிடலாம். நாள்பட்ட தொற்று என்றால் பல இடங்களில் இரண்டு ஆபரேஷன். முதலில் மூட்டை மொத்தமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டை வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள். தொற்று அடங்கிய பிறகே புது மூட்டு. தேய்மானம் என்று தப்பாகக் கணித்துக் கிருமிக்கு நடுவில் புதியதை வைத்தால், அதுவும் போய்விடும்.

இந்தத் தலைவலி மூட்டு மாற்று சிகிச்சையின் வயதே ஆனது. 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் நவீன இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கிய ஜான் சார்ன்லி, ஆரம்பத்தில் சுமார் 7 சதவீதமாக இருந்த தொற்றைக் கண்டு, ஆபரேஷன் அறையின் காற்றையே வடிகட்ட ஏற்பாடு செய்தார். பிறகு அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று பொதுவாக 1 முதல் 2 சதவீதம் என்பார்கள். ஆனால் உலகம் முழுக்க மாற்றப்படும் மூட்டுகளின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தால் இது சின்னக் கணக்கு இல்லை. கிருமிகள் உலோகத்தின் மேல் வழவழப்பான படலம் கட்டி அதற்குள் பதுங்கிவிடுகின்றன. காய்ச்சல் வராமலே வருடங்கள் ஓடுவது அதனால்தான்.

ஸ்கேனால் கிருமியைப் பார்க்க முடியாது. கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பைத்தான் பார்க்க முடியும். எலும்பு ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றினால், எலும்பு எங்கே மும்முரமாகப் புதுப்பித்துக்கொள்கிறதோ அங்கே போய்ச் சேரும். ஆனால் மூட்டு மாற்றிய எலும்பு, தொற்றே இல்லாவிட்டாலும், ஒரு வருடத்துக்கு மேல் மும்முரமாகத்தான் இருக்கும். முழங்காலில் இன்னும் அதிக காலம். ஆக, இந்த ஸ்கேன் ‘ஒன்றுமில்லை’ என்றால் நம்பலாம். ‘இருக்கிறது’ என்றால் என்ன இருக்கிறது என்று மறுபடி தேட வேண்டும்.

அடுத்தது வெள்ளை அணு ஸ்கேன். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான யோசனை இதுதான். நோயாளியிடமிருந்து சுமார் 50 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். அதில் ஸ்டார்ச் வகைத் திரவம் ஒன்றைக் கலந்து முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால், சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும். மேலே மிதக்கும் வெள்ளை அணுக்களைச் சுழல் இயந்திரத்தில் பிரித்து, கதிரியக்கப் பொருளை ஏற்றி, அதே ஆளின் நரம்புக்குள் திருப்பிச் செலுத்துகிறார்கள். ஒருவருடைய ரத்தம் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் பெயர்ச் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு காத்திருப்பு. மூன்று நான்கு மணி நேரத்தில் ஒரு படம், மறுநாள் ஒரு படம். முதல் நாளைவிட மறுநாள் மூட்டைச் சுற்றி ஒளி கூடியிருந்தால், அணுக்கள் அங்கே சண்டைக்குப் போயிருக்கின்றன என்று அர்த்தம்.

இதிலும் ஒரு வில்லங்கம். வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜைக்கும் போகும். மூட்டு பொருத்தும்போது மஜ்ஜை இடம் பெயர்ந்து, எதிர்பாராத இடத்தில் திரண்டு கிடக்கும். அங்கே தெரியும் ஒளி சீழா, மஜ்ஜையா? 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பலெஸ்ட்ரோ குழுவினர் இதற்கு வழி காட்டினார்கள். மஜ்ஜைக்குப் போகும், ஆனால் தொற்று உள்ள இடத்தில் சேராத கந்தகக் கூழ்மத்தைக் கொண்டு இரண்டாவது ஸ்கேன் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் ஒளிர்ந்தால் மஜ்ஜை. வெள்ளை அணு மட்டும் ஒளிர்ந்தால் தொற்று. இந்த ஜோடிப் பரிசோதனையின் துல்லியம் பல ஆய்வுகளில் 90 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஆனால் உழைப்பு அதிகம், தேர்ந்த ஆள் வேண்டும். நினைத்த ஊரில் கிடைக்காது.

பெட் ஸ்கேன் சீக்கிரம் முடியும். ஆனால் சர்க்கரையை உறிஞ்சும் எல்லாமே அதில் ஒளிரும். இடுப்பு மூட்டின் கழுத்துப் பகுதி தொற்றில்லாமலே வருடக்கணக்கில் ஒளிர்வது உண்டு. எம்.ஆர்.ஐ-யில் ஒரு காலத்தில் உலோகம் படத்தையே கலங்கடித்துவிடும். இப்போது அந்தக் கலங்கலைக் குறைக்கும் முறைகள் வந்துவிட்டன. தொற்று இருந்தால் மூட்டின் உள்சவ்வு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்கேனை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. 2018-ல் சர்வதேச நிபுணர்கள் கூடி வகுத்த மதிப்பெண் பட்டியலில் எந்த ஸ்கேனுக்கும் மதிப்பெண் கிடையாது. 2021-ல் ஐரோப்பிய நிபுணர்களின் வரையறை வெள்ளை அணு ஸ்கேனைச் சேர்த்துக்கொண்டது. அதுவும் ‘தொற்று இருக்க வாய்ப்பு அதிகம்’ என்ற வரிசையில்தான், ‘உறுதி’ என்ற வரிசையில் இல்லை. முதல் மரியாதை இன்னும் ஊசிக்குத்தான். மூட்டுக்குள் ஊசியைச் செலுத்தி நீரை உறிஞ்சி, அணுக்களை எண்ணி, கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் அது. இந்தச் சாதாரணச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு விலை உயர்ந்த ஸ்கேனுக்கு ஓடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வலி என்று போன இடத்தில் யாராவது ஏற்கெனவே ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருந்தால், கிருமி உள்ளே இருந்தும் ஆய்வகத்தில் வளராமல் போகலாம். நிலைமை அவசரமாக இல்லையென்றால், மாத்திரையை நிறுத்தச் சொல்லி, குறைந்தது இரண்டு வாரம் கழித்து ஊசிக்கு வரச் சொல்லி மருத்துவர் அனுப்புவது இதற்காகத்தான்.