எண்ணிக்கையில் அடங்காத வரைபடம்

1963-இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜி' இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். புரதச் சங்கிலியின் கண்ணிகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பினால் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்பதை ஃபை, சை என்ற இரண்டே கோணங்களைக் கொண்டு ஒரு சதுரத்துக்குள் வரைந்து காட்டினார்கள். கணக்கெல்லாம் மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் கருவிகளில் போட்டது. இன்று அதே வரைபடத்தை ஒரு மாணவரின் மடிக்கணினி சில நொடிகளில் வரைந்துவிடுகிறது.

அந்த ஐந்து பக்கங்களுக்கு முன்கதை உண்டு. 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கொலாஜன் புரதம் மூன்று சுருள் இழைகள் சேர்ந்த வடிவம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் மாற்று வடிவம் ஒன்றை முன்வைத்தார்கள். சென்னை மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்ற மறுப்பு எழுந்தது. அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? சென்னைக் குழுவினர் அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து தூரங்களைத் திரட்டி, சாதாரணமாக அனுமதிக்கத்தக்கது, கடைசி எல்லை என இரண்டு வரம்புகளை வகுத்தார்கள். அந்த வரம்புகளிலிருந்து பிறந்ததே வரைபடம். மறுப்புக்கும் இந்த விடைக்கும் இடையே எட்டு ஆண்டுகள். இன்றைய மேற்கோள் கணக்கில் அந்த மறுப்பும் 1954 கட்டுரைக்குக் கிடைத்த இன்னொரு மேற்கோள், அவ்வளவுதான்.

அன்று ஒரு கட்டுரைக்கு வரவேற்பு இருக்கிறதா என்பதைத் தபால் சொன்னது. அச்சுப் பிரதி கேட்டு வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களிலிருந்து அஞ்சலட்டைகள் வரும். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் யோசனையை யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் முன்வைத்தார். 1964-இல்தான் அது பொடி எழுத்துத் தொகுதிகளாக நூலகங்களுக்கு வரத் தொடங்கியது. 2004-இல் கூகுள் ஸ்காலர் வந்தது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை ஒற்றை எண்ணாகச் சுருக்கும் எச்-குறியீட்டைத் தந்தார். மேற்கோள்களை இப்படித் தொகுத்ததில் கிடைத்த நன்மை சிறிதல்ல. பெரிய நூலகம் இல்லாத ஊர்க் கல்லூரி மாணவியும் ஒரு பழைய கட்டுரையின் வழித்தோன்றல்களை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அன்று பெருநகர ஆய்வாளருக்கே அது பல நாள் வேலை.

ஆனால் தேட உதவ வந்த எண் மதிப்பிடும் எண்ணாகிவிட்டது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தபோது, கட்டுரைகளின் எண்ணிக்கையும் புள்ளியானது. ஒரே கேள்வியை எட்டு ஆண்டு சுமக்கும் துணிவு இன்றைய இளம் ஆய்வாளருக்கு எளிதில் வராது. அதை அவர் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

எண் எதை அளக்கிறது என்பதற்கு 2014-இல் 'நேச்சர்' வெளியிட்ட பட்டியல் ஒன்றே போதும். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் முதலிடம் ஆலிவர் லவ்ரி குழுவினரின் 1951 கட்டுரைக்கு. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953 கட்டுரை முதல் நூறில்கூட இல்லை. லவ்ரியே தன் கட்டுரையை மகத்தானதாகக் கருதவில்லை. ஆய்வுக்கூடங்கள் தினமும் எடுத்தாளும் முறைக்கு மேற்கோள் குவிகிறது. எல்லோரும் அறிந்த உண்மைக்கு யாரும் சான்று காட்டுவதில்லை.

சென்னை வரைபடம் இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அது தினமும் எடுத்தாளும் கருவி. எல்லோரும் அறிந்த உண்மையும்கூட. 1971-இல் புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் 7 அமைப்புகள் இருந்தன. இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிதாகச் சேரும் புரத அமைப்புடன் வெளியாகும் சரிபார்ப்பு அறிக்கையில், ராமச்சந்திரன் வரைபடத்தின் எல்லைக்கு வெளியே விழுந்த கண்ணிகள் எத்தனை விழுக்காடு என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அந்த அமைப்பை அறிவிக்கும் கட்டுரையின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலில் மட்டும் 1963 கட்டுரை இருக்காது. வரைபடத்தின் பெயரில் இடம்பெறாத ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற மற்ற இரு பெயர்களையும் அந்தப் பட்டியல்தான் நினைவில் வைத்திருக்க முடியும். அதனால்தான் அது விடுபடுவது எனக்கு வருத்தம் தருகிறது.